இரண்டாவது சில்லர் ஏன் ஓடத் தொடங்குகிறது?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு, ஜார்ஜ் டவுனில் ஒரு ஹோட்டலில் சார்ஜ்மேனாக இருக்கிறேன். எங்களிடம் 250 ஆர்.டி. (குளிரூட்டும் டன்) ஸ்க்ரூ சில்லர், அதாவது ஏர்கானுக்குக் குளிர்நீர் தரும் இயந்திரம், இரண்டு இருக்கின்றன. வி.எஸ்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) இல்லாத பழைய வகை. கரண்டு பில்லைக் குறைக்கச் சொல்லி மேனேஜ்மெண்ட் நெருக்கியதால், சர்வீஸ் ஆள் வந்து இரண்டு பேனலிலும் டிமாண்ட் லிமிட்டை 70 சதவீதத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த பில்லும் குறையவில்லை, கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. முன்பெல்லாம் மதியத்தில் ஒரு சில்லரே சமாளிக்கும். இப்போது இரண்டும் ஓடுகின்றன. குளிர்நீர் செட்பாயிண்ட் (இலக்கு வெப்பநிலை) 6.7 டிகிரி. பேனலில் ரீசெட், ராம்ப் என்று இன்னும் பல எண்கள் இருக்கின்றன. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?
- வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: தம்பி, "முன்பு ஒரு சில்லரே சமாளிக்கும், இப்போது இரண்டும் ஓடுகின்றன" என்று எழுதியிருக்கிறீர்களே, பில் ஏறியதற்குக் காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

டிமாண்ட் லிமிட் செய்யும் வேலை ஒன்றுதான். மோட்டார் இழுக்கும் கரண்டு இந்த அளவைத் தாண்டாமல் தடுக்கும். கட்டடத்துக்கு எவ்வளவு குளிர் தேவை என்பது அதற்குத் தெரியாது. மதியம் 2 மணிக்கு உங்கள் ஹோட்டலுக்கு 200 ஆர்.டி. தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதத்தில் கட்டிப்போட்ட சில்லர் ஏறக்குறைய 175 ஆர்.டி. வரைதான் தரும். மீதிச் சூடு தண்ணீரிலேயே தங்கிவிடும். வெளியேறும் குளிர்நீர் 6.7-லிருந்து 7.5, 8 என்று மெல்ல ஏறும். சில்லர்களை வரிசைப்படுத்தும் கன்ட்ரோலர் இதைப் பார்த்துவிட்டு, "ஒரு சில்லரால் முடியவில்லை" என்று முடிவு செய்து இரண்டாவதைக் கிளப்பிவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. முதல் சில்லரின் கையைக் கட்டியது நாம்.

இரண்டாவது சில்லர் தனியாக வராது. அதோடு ஒரு குளிர்நீர் பம்ப், ஒரு கண்டன்சர் பம்ப் (சில்லர் எடுத்த சூட்டைக் கூலிங் டவருக்குக் கொண்டுபோகும் பம்ப்), ஒரு கூலிங் டவர் ஃபேன் எல்லாம் சேர்ந்து வரும். உங்கள் அளவு சில்லருக்கு இவை மூன்றும் சேர்ந்து சுமார் 45 கிலோவாட் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரே சில்லர் 200 ஆர்.டி. தரும்போது ஒரு டன்னுக்கு 0.65 கிலோவாட் வீதம் 130, துணைக் கருவிகளுக்கு 45, மொத்தம் 175 கிலோவாட். அதே 200-ஐ இரண்டு சில்லர் 100, 100 என்று பங்கு போட்டால், குறைந்த சுமையில் ஸ்க்ரூவின் திறன் இறங்குவதால் ஒரு டன்னுக்கு 0.75 என்று கொள்ளலாம். கம்ப்ரசருக்கு 150, துணைக் கருவிகளுக்கு 90, ஆக 240. ஒரே அளவு குளிருக்கு 65 கிலோவாட் கூடுதல். எட்டு மணி நேரம் இப்படி ஓடினால் ஒரு நாளில் 520 யூனிட் வீண். இவை கணக்குக்காக நான் எடுத்த எண்கள். உங்கள் பம்ப் பெயர்ப்பலகையையும் பேனலில் காட்டும் கிலோவாட்டையும் வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேனேஜ்மெண்டிடம் பேசும்போது அந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.

குறைந்த சுமையில் ஸ்க்ரூ ஏன் திறன் இழக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வி.எஸ்.டி. இல்லாத கம்ப்ரசரில் மோட்டார் எப்போதும் முழு வேகத்தில்தான் சுற்றும். சுமை குறையும்போது ஸ்லைடு வால்வு நகர்ந்து, உறிஞ்சிய வாயுவில் ஒரு பகுதியை அழுத்தாமலே திருப்பி விடும். வாயு குறையும். ஆனால் பேரிங் உராய்வு, எண்ணெய் இழுவை, மோட்டாரின் சொந்த இழப்பு எல்லாம் அப்படியே இருக்கும். பாதிச் சுமைக்குக் கீழே போகப் போக இந்த நிலையான செலவுதான் பெரிதாகத் தெரியும். ஆகவே உங்களிடம் இருப்பது போன்ற இயந்திரத்தில், ஒன்றை நன்றாக நிரப்பிவிட்டு அப்புறம்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

சரி, பேனலுக்கு வருவோம். எதையும் மாற்றுவதற்கு முன் இப்போது இருக்கும் எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். அப்புறம் குளிர்நீர் சென்சார்களை நல்ல தெர்மாமீட்டரோடு ஒத்துப் பாருங்கள். அரை டிகிரி பொய் சொல்லும் சென்சாரை வைத்துக்கொண்டு ஒரு டிகிரி ரீசெட் செய்வதில் அர்த்தமே இல்லை. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோலாலம்பூரில் நான் பார்த்த எத்தனையோ சில்லர் அறைகளில், "சில்லர் சரியில்லை" என்று வந்த புகார் கடைசியில் செருகியிருக்கும் குழியில் எண்ணெய் வற்றிப்போன சென்சாரில் போய் முடிந்திருக்கிறது.

முதல் வேலை: பகல் நேரத்தில் டிமாண்ட் லிமிட்டை 100-க்குத் திருப்புங்கள்.

அதன் பிறகு வரிசைப்படுத்தும் நிபந்தனை. பணம் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான கட்டடங்களில் தண்ணீர் வெப்பநிலை ஏறினாலே இரண்டாவது சில்லர் கிளம்பும்படி வைத்திருப்பார்கள். இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். குளிர்நீர் செட்பாயிண்டைவிட 1.5 டிகிரி மேலே 15 நிமிடமாவது நிற்க வேண்டும். அதே சமயம் முதல் சில்லரின் கரண்டு 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். வெப்பநிலை ஏறியிருக்கிறது, ஆனால் முதல் சில்லர் 80-இல்தான் ஓடுகிறது என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது; இரண்டாவதைக் கிளப்பி அதை மூடி மறைக்கக்கூடாது. நிறுத்தும் நிபந்தனையும் முக்கியம். இரண்டும் 45 சதவீதத்துக்குக் கீழே 20 நிமிடம் ஓடினால் ஒன்று நிற்கட்டும். 45, 45 சேர்ந்தால் 90, அதை ஒரே சில்லர் தாங்கும். இந்த எண்கள் ஆரம்பத்துக்குத்தான். உங்கள் ஹோட்டலின் போக்கைப் பார்த்து நகர்த்திக்கொள்ளுங்கள்.

காலை நேரத்தையும் கவனியுங்கள். இரவில் நிறுத்திவைத்த மண்டபப் பகுதியைக் காலையில் திறந்தவுடன் குழாயில் நின்ற சூடான தண்ணீர் மொத்தமும் சில்லருக்குத் திரும்பி வரும். வெப்பநிலை எகிறும், இரண்டு சில்லரும் ஒன்றாகப் பாயும். ராம்ப் என்று நீங்கள் பார்த்தது இதற்குத்தான். சில்லர் 20, 30 நிமிடத்தில் மெல்ல ஏறும்படி வையுங்கள். அந்த நேரம் முழுவதும் இரண்டாவது சில்லர் கிளம்பாதபடி தாமதமும் கொடுங்கள். அரை மணி முன்னதாகவே தொடங்கிவிட்டால் விருந்தாளிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அடுத்தது ரீசெட், அதாவது சுமைக்கேற்பச் செட்பாயிண்டை நகர்த்துவது. சுமை குறைவாக இருக்கும்போது 6.7 டிகிரித் தண்ணீர் தேவையில்லை. குளிர்நீரை ஒரு டிகிரி உயர்த்தினால் கம்ப்ரசரின் மின்சாரம் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் குறையும். போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ரீசெட் செய்யும் வசதி உங்கள் பேனலில் இருக்க வாய்ப்பு அதிகம். முழுச் சுமையில் வித்தியாசம் 5.5 டிகிரி இருக்கும். அப்போது ரீசெட் பூஜ்யம். வித்தியாசம் 2.5-க்கு இறங்கினால் செட்பாயிண்ட் 1.5 டிகிரி உயரட்டும், அதாவது 8.2. அதற்கு மேல் இப்போதைக்குப் போக வேண்டாம். நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள். தண்ணீர் மிதமாகிவிட்டால், காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளில் (coil) ஈரம் வடியாது. அறை 24 டிகிரி காட்டும், ஆனால் மெத்தை பிசுபிசுக்கும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். கரண்டில் மிச்சம் பிடித்ததை வால்பேப்பர் மாற்றுவதில் விட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று அறைகளில் ஈரப்பத மானி வைத்து, 65 சதவீதத்தைத் தாண்டினால் ரீசெட்டை அரை டிகிரி இறக்குங்கள்.

கண்டன்சர் பக்கம் ஒரு வார்த்தை. கூலிங் டவர் ஃபேனுக்கு 24 டிகிரி என்று இலக்கு வைத்திருக்கிறார்களா பாருங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் டவரால் அந்த அளவுக்கு இறக்கவே முடியாது. ஃபேன் நாள் முழுவதும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். 28, 29 நியாயமான இலக்கு. கண்டன்சர் குழாய்கள் சுத்தமாக இருப்பது இந்த எல்லா எண்களையும்விடப் பெரிய விஷயம். அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

இப்போது டிமாண்ட் லிமிட்டுக்குத் திரும்புவோம், அதற்கும் ஒரு இடம் உண்டு. 2025 ஜூலை 1 முதல் வந்த புதிய கட்டண முறையில், நேரத்தைப் பொறுத்த கட்டணம் எடுத்தவர்களுக்கு உச்ச நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. அதிகபட்ச டிமாண்ட் (நீங்கள் இழுத்த உச்ச கிலோவாட்) என்பது 30 நிமிடச் சராசரி. நீங்கள் எந்த வகைக் கட்டணத்தில் இருக்கிறீர்கள் என்று முதலில் பில்லைப் பாருங்கள். நேரக் கட்டணம் என்றால், அந்த எட்டு மணி நேரத்தில் மட்டும் 90 சதவீத லிமிட் வைத்து உச்சியைக் கொஞ்சம் செதுக்கலாம். அப்படி வைத்தால் இரண்டாவது சில்லருக்குச் சொன்ன 95 சதவீத நிபந்தனையை 88 ஆக மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முதல் சில்லர் 90-ஐத் தாண்டவே தாண்டாது, இரண்டாவது எப்போதுமே கிளம்பாது, வரவேற்பறையில் விருந்தாளிகள் வியர்வையில் நிற்பார்கள். சனிக்கிழமை கல்யாண வரவேற்புக்கு லிமிட் வேண்டவே வேண்டாம். அந்தக் கட்டணத்தில் சனி, ஞாயிறு இரண்டும் உச்ச நேரத்துக்கு வெளியே.

தொடக்கூடாதவை: குளிர்நீர் உறைதலுக்கான கட்-அவுட், உயர் அழுத்த கட்-அவுட், எண்ணெய் அழுத்தம், ஒரு முறை நின்றபின் மறுபடி கிளம்ப எடுக்கும் இடைவெளி. இவை சிக்கனத்துக்கான எண்கள் இல்லை, இயந்திரத்தின் உயிர்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஒரு வாரம் ஓட விட்டு, அரை மணிக்கு ஒருமுறை எண்களைப் பதிந்து, அப்புறம் அடுத்தது. பில் குறைந்தால் எதனால் குறைந்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

*

கேள்வி: கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். பழைய சென்ட்ரிபியூகல் சில்லரை மாற்றப் போகிறோம். விற்பனையாளர் தந்த விவரத்தாளில் ஐ.பி.எல்.வி. 0.33 என்று போட்டிருக்கிறது. இப்போதைய சில்லர் ஒரு டன்னுக்கு 0.7 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கிறது. பாதிக்குப் பாதி மிச்சம் என்கிறார். நம்பலாமா?
- வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: அம்மா, அந்த 0.33 பொய்யான எண் இல்லை. ஆனால் அது நம் ஊரின் எண்ணும் இல்லை.

ஐ.பி.எல்.வி. என்பது அமெரிக்காவின் ஏ.எச்.ஆர்.ஐ. தரப்படி நான்கு சுமைகளில் சோதித்துக் கலந்து எடுக்கும் சராசரி. முழுச் சுமைக்கு 1 சதவீத எடை, 75-க்கு 42, 50-க்கு 45, 25-க்கு 12. இதில் நாம் பார்க்க வேண்டியது கண்டன்சருக்குள் வரும் தண்ணீரின் வெப்பநிலை. முழுச் சுமையில் 29.4 டிகிரி, 75-இல் 23.9, பாதியிலும் அதற்குக் கீழும் 18.3 என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுமை குறைந்தால் வெளியே குளிர்காலம் வந்திருக்கும் என்ற கணக்கு அது. கோலாலம்பூரில் சுமை எப்போது குறைகிறது? ஆள் கிளம்பிப் போன மாலையில், மழை கொட்டும் நாளில். அப்போதும் காற்றில் ஈரம் அப்படியேதான் இருக்கிறது. கூலிங் டவர் தண்ணீரை ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு) கீழே இறக்க முடியாது. இங்கே அது நடுராத்திரியிலும் 23, 24-ஐ ஒட்டித்தான் நிற்கும். 18.3 டிகிரித் தண்ணீர் உங்கள் மொட்டை மாடிக்கு ஒரு நாளும் வரப்போவதில்லை.

வி.எஸ்.டி. எப்படி மிச்சம் பிடிக்கிறது என்று பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். பழைய சில்லர் சுமையைக் குறைக்க, வாயு நுழையும் வாயில் இருக்கும் வேன்களைச் சாய்த்து மூடும். வி.எஸ்.டி., வாயுவைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வேகத்தையே குறைக்கும். வேகம் குறைந்தால் மின்சாரம் வெகுவாக இறங்கும். ஆனால் வாயுவைக் குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குத் தள்ளும் அளவுக்காவது வேகம் வேண்டும். சூடான பக்கம் எப்போதும் 29 டிகிரித் தண்ணீர் என்றால் வேகத்தை ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. மீறி இறக்கினால் வாயு பின்னோக்கிப் பாய்ந்து இயந்திரம் அதிரும். அதைத்தான் சர்ஜ் என்கிறோம். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

ஆகவே விற்பனையாளரிடம் இப்படிக் கேளுங்கள்: கண்டன்சர் தண்ணீர் 29 டிகிரியிலேயே நிற்கும்போது 100, 75, 50, 25 சதவீதச் சுமையில் ஒரு டன்னுக்கு எத்தனை கிலோவாட்? எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்த நான்கு எண்ணை உங்கள் கட்டடம் எந்தச் சுமையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற பதிவோடு பெருக்கினால் உண்மையான மிச்சம் கிடைக்கும். அது பாதிக்குப் பாதியாக இருக்காது. ஆனாலும் பழைய சில்லர் 0.7-க்கு மேல் இழுக்கிறது என்றால் மாற்றுவது நல்ல முடிவுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பொருத்திய பிறகு அளந்து காட்ட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். இன்னொன்று: எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் அளவுக்குப் பயன்படுத்துவோர் பதிவுபெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். உங்கள் பில்லைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். அந்த அளவு என்றால், சில்லர் வாங்கும் பேச்சிலேயே அந்த மேலாளரையும் உட்கார வையுங்கள்.

*

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒரு வணிக வளாகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் சில்லரில் வெளி வெப்பநிலையை வைத்துக் குளிர்நீரை ரீசெட் செய்யும் வசதி இருக்கிறது. கையேட்டில் 27 டிகிரியிலிருந்து 16 டிகிரி வரை என்று உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே போடலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: போட்டால் தப்பில்லை, ஆனால் பெரிதாக எதுவும் நடக்காது. பட்டர்வொர்த்தில் வெளியே 16 டிகிரி எங்கே இருக்கிறது? எல்லையை 31-க்கும் 25-க்கும் மாற்றிக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் வரும். இங்கே வெப்பநிலை 25-க்கு இறங்குவது மழை பெய்யும்போது. காற்று ஈரமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் குளிர்ந்த தண்ணீர் நமக்கு வேண்டும், சில்லரோ தண்ணீரை மிதமாக்கிக்கொண்டிருக்கும். திரும்பும் தண்ணீரை வைத்து ரீசெட் செய்யுங்கள், மேலே ஜார்ஜ் டவுன் வாசகருக்குச் சொன்ன மாதிரி. உங்கள் ஏ.எச்.யூ. (காற்றைக் குளிரவைத்து அனுப்பும் பெட்டி) வால்வுகள் எத்தனை சதவீதம் திறந்திருக்கின்றன என்று கட்டடக் கன்ட்ரோல் சிஸ்டம் காட்டுமானால் அது இன்னும் நல்லது. எல்லா வால்வும் 70-க்குக் கீழே இருந்தால் தண்ணீரை அரை டிகிரி ஏற்று. ஏதாவது ஒன்று 95-ஐத் தொட்டால் இறக்கு. வால்வு ஒன்று சிக்கிக்கொண்டு எப்போதும் முழுதாகத் திறந்தே கிடந்தால் அதுவே மொத்தக் கட்டடத்தையும் 6.7-இல் கட்டிவைத்துவிடும். முதலில் ஒவ்வொரு வால்வையும் நேரில் போய்ப் பாருங்கள்.

*

கேள்வி: செராஸில் எங்கள் அலுவலகத்தில் காற்றால் குளிரும் ஸ்க்ரோல் சில்லர், நான்கு கம்ப்ரசர். இரவில் சர்வர் அறைக்காக மட்டும் ஓடுகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்புகிறது. ஹாட் கேஸ் பைபாஸ் போடச் சொல்கிறார்கள்.
- வாசகர், செராஸ்

பதில்: போடாதீர்கள். அது நின்று கிளம்புவதை நிறுத்தும், மின்சாரத்தைக் குறைக்காது. கம்ப்ரசர் அழுத்திய சூடான வாயுவையே திருப்பிக் குளிர்ந்த பக்கத்துக்கு விட்டு, பொய்யாக ஒரு சுமை காட்டுகிற ஏற்பாடு அது. உங்கள் சில்லரின் மிகச் சிறிய படி 25 சதவீதம். சர்வர் அறையின் தேவை அதைவிடச் சிறியது, அதனால்தான் இந்தத் தொல்லை. தற்காலிகமாக, வெப்பநிலைப் பட்டையை (நிற்கும், கிளம்பும் வெப்பநிலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை) 1 டிகிரியிலிருந்து 2.5-க்கு அகலப்படுத்துங்கள். மறுபடி கிளம்பும் இடைவெளியைச் சுருக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், கம்ப்ரசர் வைண்டிங் போய்விடும். நிரந்தர வழி, சர்வர் அறைக்கு இரண்டு ஸ்ப்ளிட் ஏர்கான் தனியாகப் போட்டு, ஒன்று மாற்றி ஒன்று ஓடவிடுவது. ஒன்று பழுதானால் மற்றது தானாகக் கிளம்பும்படி வயரிங் செய்யச் சொல்லுங்கள். மாலை 7 மணிக்குச் சில்லரையும் பம்பையும் அணைத்துவிடலாம்.